சிலுவை தீட்டிய சீனத் தட்டு: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஏலப் பட்டியலிலோ அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலோ 'சேசு சபைப் பீங்கான்' என்று எழுதியிருந்தால், அந்தப் பெயரை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவில் செய்து, பைபிள் காட்சிகள் தீட்டி, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிய தட்டுகளுக்கும் கோப்பைகளுக்கும் பிற்காலத்தவர் ஒட்டிய பெயர் அது. இதே வகையில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் நடுநாயகமாக வீற்றிருப்பவர் மார்ட்டின் லூத்தர், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். சேசு சபையோ கத்தோலிக்கத் துறவியரின் சபை. அதன் பாதிரிமார் லூத்தர் படம் போட்ட தட்டுக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்களா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேசு சபையினர் அப்போது சீனாவில் இருந்தார்கள், பெய்ஜிங் அரண்மனை வரைக்கும் அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவற்றை வரவழைத்தவர்கள் வியாபாரிகளும் கப்பல் அதிகாரிகளும். அதிலும் டச்சுக்காரர்கள் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மொத்தச் சரக்காக லட்சக்கணக்கில் சாதாரணப் பீங்கான் வாங்கியது. இதுபோன்ற தனி வேலைப்பாடுகள் பெரும்பாலும் அதிகாரிகள் தங்கள் சொந்தக் கணக்கில் செய்துகொண்ட வியாபாரம் வழியாக வந்தவை.

இன்னொரு விஷயம். 1724இல் யோங்செங் பேரரசர் சீனாவில் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். சிலுவைத் தட்டுகள் மிக அதிகமாக வந்தது அதற்குப் பிந்திய இருபது, முப்பது ஆண்டுகளில். பிரசங்கத்துக்குத் தடை இருந்த ஊரில் சிலுவை தீட்டத் தடை இருக்கவில்லை. தீட்டியவர்களுக்கு அது கடல்தாண்டிப் போகும் சரக்கு, அவ்வளவுதான்.

சரி, ஒரு தட்டு உங்கள் முன்னால் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

சீனப் பீங்கான் பழகியவர்கள் முதலில் தட்டைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவார்கள். மற்ற சீனப் பீங்கானுக்கு அது நல்ல பழக்கம். இங்கே அதனால் பயன் குறைவு. ஏற்றுமதிக்குச் செய்த மதக்காட்சித் தட்டுகளில் பேரரசர் பெயர் பொறித்த முத்திரை அநேகமாக இருக்காது. ஆறு எழுத்து முத்திரை பளிச்சென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதனால் இந்த ஒரு வகைக்கு மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு அடியைப் பாருங்கள்.

முதல் வேலை: எந்தக் காலத்துக் கூட்டம் என்று பிரியுங்கள்

ஐந்து கூட்டங்களைத் தெரிந்துகொண்டால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

மிகப் பழையவை போர்த்துகீசியருக்காகச் செய்தவை. பதினாறாம் நூற்றாண்டின் முதல் பாதி. வெள்ளையில் கோபால்ட் நீலம் மட்டும். முழுக் காட்சிகள் இவற்றில் அரிது, சின்னங்களும் எழுத்துகளும்தான். முள்முடிக்குள் ஐ-எச்-எஸ் என்ற இயேசுவின் பெயர்ச்சுருக்கம், போர்த்துகல் மன்னரின் வளையக்கோளச் சின்னம் (வளையங்களால் ஆன வானக்கோளம்), லத்தீனில் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்ற வரி. போர்த்துகலில் பேஜா நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் கிண்ணம் ஒன்றில் மலாக்காவின் தளபதியாக இருந்த பெரோ த ஃபாரியாவின் பெயரும் 1541 என்ற ஆண்டும் இருக்கின்றன. இந்த வகையில் எழுத்துகள் அடிக்கடி குழம்பியிருக்கும். தீட்டியவருக்கு லத்தீன் எழுத்து வெறும் கோலம்தானே. ஐ-எச்-எஸ் கண்டதும் 'சேசு சபை' என்று சொல்லிவிடுவதும் தப்பு. சபை தொடங்கியதே 1540இல். அந்தச் சுருக்கம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கத்தோலிக்கத் திருச்சபையில் புழங்கியது.

அடுத்தது, 1600ஐ ஒட்டிய பெரிய நீல-வெள்ளை ஜாடிகள். இரட்டைத்தலைக் கழுகும் அம்பு துளைத்த இதயமும் சேர்ந்திருந்தால் அது புனித அகுஸ்தீன் சபையின் சின்னம். எளிதில் கண்டுபிடித்துவிடலாம். எளிதில் கிடைக்காது.

மூன்றாவது, 1720களை ஒட்டிய திருமுழுக்குத் தட்டுகள். யோர்தான் நதியில் இயேசு நிற்கிறார், யோவான் தண்ணீர் ஊற்றுகிறார். விளிம்பில் சின்னக் கட்டத்துக்குள் 'மத். 3.16' என்று லத்தீன் எழுத்தில் அதிகாரமும் வசனமும். தமிழ் பைபிளில் அந்த வசனத்தைப் புரட்டினால், ஆவியானவர் புறாவைப் போல இறங்கியது வரும். தட்டில் புறாவைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வசன எண் எழுதியிருப்பதே ஒரு தடயம். வாங்கியவர் வீட்டில் பைபிளைத் திறந்து படிக்கிறவர். கோயிலில் படத்தைப் பார்த்து மட்டும் கதை தெரிந்துகொள்கிறவர் இல்லை. புராட்டஸ்டண்ட் வாடை அடிக்கிறது என்பேன்.

நான்காவது, கறுப்பும் தங்கமுமாக இருக்கும் தட்டுகள். சுமார் 1730 முதல் 1750கள் வரை. 'சேசு சபைப் பீங்கான்' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். கட்டுரையின் மீதியை இவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

ஐந்தாவது தட்டே இல்லை, பொம்மை. ஃபூஜியான் மாகாணத்து தெஹுவாவில் செய்த தூய வெள்ளைச் சிலைகள். கையில் குழந்தையோடு ஒரு பெண். குழந்தை வரம் தரும் குவான்யின் என்று சீனர் வணங்கிய வடிவம் அது. ஐரோப்பியர் கண்ணுக்கு அது மாதா. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கணக்குகளில் 'சாங்க்தா மரியா' என்றே எழுதி வைத்தார்கள். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைபட்ட காலத்தில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இதே சிலையை மாதாவாக நினைத்து வேண்டிக்கொண்டார்கள். கழுத்தில் சிலுவை மாதிரித் தெளிவான அடையாளம் ஏதும் இல்லாவிட்டால், 'இது மாதாவா குவான்யினா' என்ற கேள்விக்குச் சிலை பதில் சொல்லாது. வாங்கி வைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வேலை: அச்சுப்படத்தைத் தேடுங்கள்

இந்தத் துறையில் புதியவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு காட்சித் தட்டுக்கும் பின்னால் அநேகமாக ஒரு காகிதம் இருக்கிறது. செப்புத் தகட்டில் செதுக்கி மை தடவி அச்சடித்த படம். அதைக் கப்பல்காரர் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பார். சீன ஓவியர் கோட்டுக்குக் கோடு பார்த்துத் தீட்டுவார். தட்டு ஏன் கறுப்பில் இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில். மூலம் கறுப்புக் கோடு. நகலும் கறுப்புக் கோடு.

கறுப்பு என்றதும் இன்னொரு பெயர்க் குழப்பம். இந்த வேலையைப் பிரெஞ்சில் 'ஆங்க்ர் த ஷீன்' என்பார்கள். 'சீன மை' என்று பொருள். ஆனால் இதில் சீன மை கிடையாது. சீன மை என்பது விளக்குக்கரி. சூளையில் எரிந்து போய்விடும். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெசெனில் இருந்த பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் பிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல், 1712லும் 1722லும் பீங்கான் தொழிலைப் பற்றி இரண்டு நீண்ட கடிதங்கள் எழுதினார். உயர்ந்த மையால் கறுப்புப் படம் தீட்டிப் பார்த்தார்களாம். சூளையிலிருந்து எடுத்தால் பீங்கான் வெள்ளை வெளேரென்று வந்ததாம். உலோக ஆக்சைடு சேர்ந்த கறுப்பு எனாமல் கைவந்த பிறகுதான் இந்தத் தட்டுகள் சாத்தியமாயின. கிரிஸாய் என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. எந்தப் பெயரையும் சொல்லிக்கொள்ளுங்கள், மை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

தேடுவது எப்படி? முதலில் காட்சியைப் பெயரிடுங்கள்: பிறப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல், பரமேறுதல். இந்த நான்கும் ஒரே விதமான விளிம்போடு ஒரு வரிசையாகவே வந்தன, 1740களைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மூலம் யான் லூய்கன் என்ற டச்சுச் செதுக்கோவியரின் பைபிள் படங்கள். அவர் 1712இலேயே இறந்துவிட்டார். படங்கள் அவருக்குப் பிறகும் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அவருடைய படங்கள் ஏராளமாக இருக்கின்றன, காசு கொடுக்காமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். தட்டின் படத்தை ஒரு பக்கமும் அச்சுப்படத்தை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று கேள்விகள். படம் அப்படியே இருக்கிறதா, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கிறதா? சதுரமான அச்சுப்படத்தை வட்டத்துக்குள் அடக்க யாரை வெட்டினார்கள், யாரை நெருக்கி உட்கார வைத்தார்கள்? மூன்றாவது எனக்குப் பிடித்தது: ஓவியருக்கு எது புரியவில்லை?

சிலுவைத் தட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

விட்டம் 23 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின். நடுவில் சிலுவை. கீழே துயரத்தில் நிற்கும் பெண்கள். முன்னால் தரையில் படைவீரர்கள் குந்தியிருக்கிறார்கள்; இயேசுவின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள் என்று பைபிள் சொல்கிறதே, அந்தக் காட்சி. இங்கே பகடை உருட்டுகிறார்கள். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய விஷயம் நடக்கிறது, இவர்கள் கண்ணெல்லாம் பகடையில். செதுக்கியவரின் குத்தல் அது. சீன ஓவியர் அதை அப்படியே கொண்டுவந்துவிட்டார். சூதாட்டம் அவருக்கும் தெரிந்த சமாசாரம் அல்லவா.

அப்புறம் நிழலைப் பாருங்கள். செப்புத் தகட்டில் நிழல் காட்ட ஒரே வழி, நெருக்கமாகக் கோடு இழுப்பது. இன்னும் இருட்டு வேண்டுமானால் அதன் மேல் குறுக்கே இன்னொரு அடுக்குக் கோடு. ஐரோப்பியக் கண் அந்தக் கோட்டைப் பார்க்காது, இருட்டைத்தான் பார்க்கும். சீன ஓவிய மரபில் இப்படி ஒரு பக்க வெளிச்சமும் மறுபக்க நிழலும் போடும் வழக்கம் இல்லை. ஆகவே ஓவியர் கோட்டைக் கோடாகவே எடுத்துக்கொண்டார். விலா எலும்பின் நிழல் பாய்ப் பின்னல் மாதிரி ஆகிவிடும். மேகம் சுருட்டி வைத்த துணி மாதிரி இருக்கும். முகங்களில் கண் சற்று நீண்டு, புருவம் மெல்லிய ஒற்றை வளைவாகிவிடும். இவற்றைப் பிழை என்று தள்ளாதீர்கள். கோடு மெலிந்தும் தடித்தும் உயிரோடு ஓடுகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். சீனத் தூரிகையின் நுனி அப்படித்தான் ஓடும். ஒரே தடிமனில், ஒரே அழுத்தத்தில், சலிப்பாக ஓடும் கோடு என்றால் அது இயந்திர அச்சு மாற்றுப்படமாகவோ பிற்கால நகலாகவோ இருக்கலாம்.

விளிம்பில் தங்கத்தில் பின்னல் சுருள்கள். அது சீன வடிவமே இல்லை; 1718 முதல் 1744 வரை வியன்னாவில் து பாக்கியே நடத்திய பீங்கான் ஆலையின் பாணியை ஒட்டியது. ஒரே தட்டில் டச்சுப் படம், வியன்னா விளிம்பு, சீன மண், சீனக் கை.

இதே கறுப்பு-தங்க வேலையில் ஆதாம் ஏவாள், கிணற்றடியில் ரெபெக்கா, யோசேப்பும் போத்திபாரின் மனைவியும் என்று பழைய ஏற்பாட்டுக் காட்சிகளும் வரும். மூன்று தேவியரில் அழகி யார் என்று பாரிஸ் என்ற இளவரசன் தீர்ப்புச் சொல்வது மாதிரிக் கிரேக்கப் புராணக் காட்சிகளும் வரும். மூன்று பெண்களும் ஒரு ஆப்பிளும் இருந்தால் ஏவாளைத் தேடாதீர்கள், அது கிரேக்கக் கதை.

இவற்றில் தேநீர்க் கோப்பையும் சாசரும்கூட உண்டு. சிலுவைக் காட்சியின் மேல் யார் தேநீர் ஊற்றிக் குடித்திருப்பார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அலமாரியில் அழகுக்கு வைத்தவர்களும் நிறையப் பேர். சாசரின் நடுவில் கோப்பை உரசிய வட்டத் தேய்மானம் இருந்தால், அந்த வீட்டில் குடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது வேலை: கையில் எடுங்கள்

மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும், மெத்தென்ற துணிக்கு மேலாக. விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

செய்முறை தெரிந்தால் எதைப் பார்ப்பது என்று தானே விளங்கும். ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தெசெனில் தட்டு உருவாகிறது. அருகிலுள்ள காவோலிங் குன்றின் பெயரிலிருந்துதான் கயோலின் என்ற சொல்லே வந்தது. நாம் சீனக்களிமண் என்கிறோம். மெருகு, அதாவது சூட்டில் கண்ணாடி போலாகும் மேல்பூச்சு, பூசி 1300 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். நீலம் என்றால் மெருகுக்கு அடியில், இந்த முதல் சூட்டிலேயே முடிந்துவிடும். கறுப்பும் தங்கமும் சிவப்பும் மெருகுக்கு மேலே தீட்டுபவை. அவற்றை 700, 800 டிகிரி அளவில் மறுபடி சுட வேண்டும். இந்த இரண்டாவது வேலையை ஜிங்தெசெனில் மட்டுமில்லாமல், போகப்போக தென்சீனத்து கான்டன் துறைமுகப் பட்டறைகளிலும் செய்தார்கள். வெள்ளைத் தட்டுகள் ஆற்றிலும் மலைப்பாதையிலுமாக அங்கே வந்து சேரும். ஐரோப்பியர் தரும் படத்தை அங்கேயே தீட்டுவார்கள்.

ஆகவே தட்டைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் மேலே சறுக்கும்படி பிடியுங்கள். கறுப்புக் கோடு மெருகின் மேல் இலேசாக எழும்பி நிற்க வேண்டும். தங்கம் அங்கங்கே தேய்ந்து, இருந்த இடத்தில் மங்கலான தடம் மட்டும் தெரியும். முந்நூறு ஆண்டை நெருங்கும் தட்டில் தங்கம் முழுசாக ஜொலித்தால், பின்னால் யாரோ பூசியிருக்கலாம்.

இப்போது கவிழ்க்கலாம். மெருகு தூய வெள்ளையாக இருக்காது, நீலமோ சாம்பலோ சற்றுப் பாய்ந்திருக்கும். மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல் போலச் சின்னக் குழிவுகள் இருக்கலாம். அடியில் இருக்கும் வளையத்தில் மெருகு இருக்காது. சூளையில் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று துடைத்திருப்பார்கள். மெருகு முடிந்து வெற்று மண் தொடங்கும் கோட்டில் இலேசான ஆரஞ்சுப் பழுப்பு ஓடும். விரலால் தடவினால் அந்த வளையம் வழவழவென்று இருக்காது, சொரசொரவென்றும் இருக்காது. இதை எழுதிப் புரியவைக்க முடியாது. பத்துத் தட்டைத் தடவிய பிறகு பதினோராவது தட்டில் உங்களுக்கே தெரியும்.

நான்காவது வேலை: பழுதும் போலியும்

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதையே இங்கும் செய்யலாம். தட்டை விரல்நுனிகளில் நிறுத்தி மெல்லச் சுண்டினால் மணிபோல நீண்டு ஒலிக்க வேண்டும். 'டப்' என்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. ஒலி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஒட்டுவேலை ஒலியில் மாட்டாமலும் போகும்.

எனக்குப் பாடம் ஆனது ஒரு சாசர். விற்றவர் 'குறையில்லை' என்றார். பகல் வெளிச்சத்தில் எனக்கும் குறை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, ரூபாய் நோட்டுப் பார்க்கும் சின்ன யூவி விளக்கை இருட்டறையில் அடித்தேன். விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு பால்வெள்ளையாக ஒளிர்ந்தது. உடைந்த இடத்தில் பிசின் வைத்து, மேலே கறுப்புக் கோட்டையும் தொடர்ந்து வரைந்திருந்தார்கள். அன்று முதல் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த விளக்கை அடிக்கிறேன். இருநூறு ரூபாய் விளக்கு. சில புதிய பிசின்கள் ஒளிர்வதில்லை என்பதால், விளிம்பு முழுவதையும் விரல்நகத்தால் மெல்ல வருடியும் பாருங்கள். ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு, அது வேண்டாம்.

பழைய காலத்து உலோகத் தையல்கள் தட்டின் பின்புறம் இருந்தால் பயப்படாதீர்கள். நேர்மையான பழுது அது. உடைந்ததையும் தூக்கி எறிய மனமில்லாத ஒருவர் வீட்டில் இருந்தது என்று அர்த்தம்.

போலிகளில் இரண்டைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். எட்மே சாம்சன் 1845இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனம் சீன ஏற்றுமதிப் பீங்கானை நகலெடுப்பதில் பேர்போனது. நகல் என்று சொல்லியே விற்றார்கள். அடியிலிருந்த குறியைப் பின்னால் சிலர் சுரண்டிவிட்டு அசல் என்று கைமாற்றினார்கள். அடியில் தேய்த்த தடம் இருந்தால் விலகிவிடுங்கள். சாம்சன் பீங்கானின் மேற்பரப்பு மிகச் சீராக, சற்றுச் சாம்பல் பாய்ந்து இருக்கும்; சீனத் தட்டின் சின்னச் சின்ன மேடுபள்ளம் இருக்காது. மற்றொன்று போலி என்று சொல்ல முடியாதது: தட்டு சீனத்தது, படம் ஐரோப்பாவில் தீட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஹாலந்திலும் ஜெர்மன் நாடுகளிலும் இருந்த எனாமல் ஓவியர்கள் வெள்ளைச் சீனத் தட்டுகளை வாங்கித் தாங்களே தீட்டி விற்றார்கள். முகம் ரொம்ப 'சரியாக' இருந்தால், நிழல் நிழலாகவே விழுந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது, எதில் தொடங்குவது

நம்மவர்கள் அதிகம் போய்வரும் ஊர்களில் சிங்கப்பூர் இதற்கு வசதி. அங்குள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் ஆசியாவின் கிறிஸ்தவக் கலைக்கென்றே ஒரு கூடம் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், அமெரிக்காவின் சேலம் நகரிலுள்ள பீபடி எசெக்ஸ் ஆகியவற்றின் தொகுப்புகளை இணையத்திலும் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்னால் ஆறு மாதம் வெறுமனே பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கிய பிறகு விற்க நினைத்தால் இது குறுக்கே வரும்.

முதலில் வாங்குவது குறையுள்ளதாகவே இருக்கட்டும். விரிசல் விட்ட சாசர் விலையில் இறங்கிவிடும், ஆனால் கோடும் மண்ணும் முழுத் தட்டில் இருப்பவையேதான். தைரியமாகக் கையில் எடுத்துப் பழகலாம். சோப்பில்லாத வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும் கழுவ. பாத்திரம் துலக்கும் இயந்திரத்தில் போட்டால் மிச்சத் தங்கமும் போய்விடும். சுவரில் மாட்டக் கம்பிச்சுருள் கொக்கி வேண்டாம், அது விளிம்பைக் கடிக்கும்.

தாந்த்ரகோல் பாதிரியார்கூட அப்படித்தான் தொடங்கினார். 1712ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதுகிறார்: ஒரு பெரிய கடையின் உடைசல்களிலிருந்து யாரோ ஒரு சிறு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நடுவில் சிலுவை, ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் சீடர் யோவான். இப்படிப்பட்டவற்றை முன்பு ஜப்பானுக்குக் கொண்டுபோனார்களாம். பதினாறு, பதினேழு வருடமாகச் செய்வதில்லையாம். ஆயிரம் ஆண்டாகச் செய்த உயர்ந்த பீங்கான்கள் எல்லாவற்றையும்விட இதுவே தனக்குப் பெரிது என்கிறார். சேசு சபைக்காரர் ஒருவர் கையிலிருந்த சிலுவைத் தட்டு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது எனக்குத் தெரிந்து அதுதான், அதுவும் குப்பையிலிருந்து வந்தது.